மலைபடுகடாத்துள் பனிக்கால மலைவழிச் செலவு

சங்கச் செய்யுட்களுள் மலைவழிச் செலவு இருவகையான் வருகின்றது. ஒன்று, குளிர்ப்பருவத்து நள்ளிரவில் தலைமகன் தனியனாய்த் தலைமகளை நாடி வரும் செலவு. மற்றொன்று, கூத்தர் தம் சுற்றமும் விறலியரும் சிறாரும் சூழப் பகற்பொழுதிற் புரவலனை நாடிச் செல்லும் செலவு. முன்னதைக் குறிஞ்சித்திணைப் பாடல்கள் பலவும் பேசுகின்றன. பின்னதை மலைபடுகடாம் போல விரித்துரைக்கும் நூல் வேறொன்றில்லை. இவ்விரு செலவும் தம்முள் தொடர்பற்றவை என்பதே பொதுவாக நிலவும் கருத்து. அகத்திணைக்கு உரியதை அகத்திலும், ஆற்றுப்படைக்கு உரியதைப் புறத்திலும் வைத்துப் பயிலும் நம் பாடமுறையே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், வழியின் இயல்பும் பருவமும் இரண்டிற்கும் ஒன்றே என்பதும், வேறுபாடு பொழுதினும் துணையினும் மட்டுமே கிடக்கின்றது என்பதும் இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்குப் புலனாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு பயனுண்டு. மலைபடுகடாத்தின் வழிகூறும் பகுதியை இயற்கைப் புனைவு என்று கூறிக் கடந்துவிடுவது பெருவழக்காயிற்று. வரலாறு எழுதப் புகுந்தோர், நன்னன் பெயரையும் அவன் நாட்டெல்லையையும் அதனின்று எடுத்துக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட அடிகளில் விரியும் வழிச்செய்தியைத் தொடாது விடுத்தனர். அப்பகுதி வெறும் புனைவாயின் அவர் செய்தது தக்கதே. நடந்தறிந்தோர் நடக்கவிருப்போர்க்கு உரைத்த நடைமுறை அறிவாயின், பண்டைத் தமிழர் மலைகளை எவ்வாறு கடந்தனர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்றது. 583 அடிகளை உடையது. மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நிலையில் நெடியது. நன்னன் சேய் நன்னனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் பதிப்பித்த பின்னரே இந்நூல் கற்போர் கைக்கு எளிதின் எட்டியது. நன்னனுடைய செங்கண்மா இற்றைத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். நூல் கூறும் சேயாறு இன்று செய்யாறு என்னும் பெயரொடு சவ்வாது மலையினின்று இழிந்து அவ்வூர் வழியே ஓடுகின்றது. காரியுண்டிக் கடவுள் உறையும் நவிரமலையைப் பருவதமலை என ஆராய்ச்சியாளர் கொள்வர்.

இந்நிலப்பகுதி வழிகளால் வரலாற்றுப் புகழ் பெற்றது என்பதும் நினைவிற்குரியது. கீழைச் சமவெளியினின்று மேற்கே பாராமகாலுக்கு ஏறும் வாயில்களுள் செங்கம் கணவாய் ஒன்று. 1767ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருத களங்களுள் அதுவும் அடங்கும். பெரும்படைகள் போக்குவரவு கொண்ட கணவாயின் இருமருங்கும் உள்ள மலைகளில் மக்கள் நடந்து பழகிய சிறுவழிகள் பல இருந்திருத்தல் இயல்பே. கூத்தர் கூட்டம் சென்றது அத்தகைய சிறுவழிகளில்.

இனி, பருவம். மலைபடுகடாத்துள் பருவத்தின் பெயர் வெளிப்படையாக எடுத்தோதப்படவில்லை. புலவர் காட்டும் பயிரையும் பூவையும் கொண்டே அதனைத் துணிதல் வேண்டும். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை எனத் தொல்காப்பியம் வகுக்கும். கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனி மார்கழியும் தையும். இந்நான்கு திங்களுள் அடங்கும் குறிகள் மலைபடுகடாத்தில் உளவா என்பதே வினா.

முதற்கண், முசுண்டை. புல்லிய கொடியை உடைய முசுண்டையின் வெண்பூக்கள் வானத்துக் கார்த்திகை மீன்கூட்டம் போல விரிந்து கிடந்தன என்று பெருங்கௌசிகனார் கூறுகின்றார். இதே முசுண்டையை நக்கீரர் நெடுநல்வாடையில் வைத்துள்ள இடம் நோக்கத்தக்கது. அங்கே கோவலர் குளிரால் நடுங்குகின்றனர். பறவைகள் கிளையினின்று வீழ்கின்றன. அந்தக் கூதிர்ப்பொழுதிலேதான் புதர்தோறும் பீர்க்கம்பூவுடன் முசுண்டை மலர்கின்றது. இரு புலவரும் அக்கொடிக்குத் தந்துள்ள அடைமொழியும் ஒன்றே.

அடுத்து, அவரை. தினைக்கதிர் கொய்த பின் நிற்கும் தாளுக்கு இருவி என்பது பெயர். அவ்விருவிதோறும் படர்ந்த அவரை, தயிர்த்துளி தெறித்தாற்போன்ற பூக்களை உதிர்த்துவிட்டு, அரிவாள் போல் வளைந்த காய்களைக் கொண்டுள்ளது என்கிறது மலைபடுகடாம். குறுந்தொகை 82ஆம் பாட்டிலோ, குறவன் புனத்தில் தினையின் மறுகாலில் அவரை பூக்கும் காலம் அரும்பனியை உடைய அச்சிரம் என வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளது. அச்சிரமாவது முன்பனி. அங்குப் பூத்த கொடி இங்குக் காய்த்து நிற்கின்றது. ஆகவே கூத்தர் செலவு முன்பனி தொடங்கிய பின்னர் நிகழ்ந்ததாதல் வேண்டும். இச்சான்றையே நாம் வலியுடையதாகக் கருதுகின்றோம். பூவுக்கும் காய்க்கும் இடைப்பட்ட நாட்களைப் புலவர் வேண்டுமென்றே புனைந்துரைக்க யாதொரு காரணமும் இல்லை அன்றோ?

தூவல் மழையால் தழைத்த செங்காந்தள் முகையை ஊன் என்று மயங்கிப் பருந்து எடுத்துப் போகடுதலும், மிக்க மழையால் சுனைகள் நிறைந்து எள் முற்றி நிற்றலும் இதற்கு அரண் செய்வன. காந்தளைக் கார்த்திகைப்பூ என இன்றும் மக்கள் வழங்குவர்.

ஒரு தடை எழுதல் கூடும். ஏனற்கதிர் கொய்யும் பதம் உற்றது என்றும், குறவர் பரண்மீதிருந்து புனம் காக்கின்றனர் என்றும் அதே நூல் கூறுகின்றது. தினை கொய்யப்படாமல் நிற்பின் இருவியில் அவரை காய்த்தது எங்ஙனம்? மலைச்சாரற் புனங்கள் எல்லாம் ஒரே நாளில் விதைக்கப்படுவன அல்ல என்பதே விடை. மழை பெய்யும் முறைக்கும் சரிவின் திசைக்கும் ஏற்ப ஒரு புனம் முந்தியும் ஒன்று பிந்தியும் விளையும். பலநாள் நடந்து பல சாரல்களைக் கடப்பவர் கண்ணுக்கு இரண்டும் படுதல் இயல்பு. இம்முரண் புலவர் நேரிற் கண்டு பாடினார் என்பதற்கே சான்றாகின்றது.

பருவம் இதுவாயின் வழியின் இடர்களும் தெளிவாகின்றன. பெருமழை ஓய்ந்துள்ளது, பாறையில் ஈரம் உலரவில்லை, காட்டாறுகளில் நீர் ஓடுகின்றது, மடுக்களைப் பாசி மூடியுள்ளது. மலைபடுகடாத்தின் வழிப்பகுதியில் வழுக்குதல் பற்றிய எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே. அகழியில் இறங்கினாற்போன்ற கான்யாற்று வழியில் கால் வழுவாதபடி, மரத்தைச் சுற்றிய பருத்த கொடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார் புலவர். நுண்ணிய பாசி படர்ந்து அடி தளரும் இடத்தில், வழியை ஒட்டி வளர்ந்த சிறுமூங்கிலையும் கொறுக்கந்தட்டையையும் பிடித்துச் செல்க என்கிறார். எவ்விடத்தில் எதனைப் பற்றுவது என்று இத்துணை நுணுக்கமாகக் கூறுதல் அவ்வழியே சென்று மீண்டவர்க்கே இயலும். இன்றும் பருவதமலை ஏறுவோர் செங்குத்தான இடங்களில் பாறையில் நட்ட கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பற்றியே ஏறுகின்றனர். பற்றும் பொருள் இரும்பாயிற்று.

குறிஞ்சிப்பாட்டின் இறுதியை இவற்றோடு வைத்து நோக்குவாம். இரவில் வரும் தலைமகன் பொருட்டுத் தலைமகள் அஞ்சுவனவற்றைக் கபிலர் அடுக்குகின்றார்: புலி, யாளி, கரடி, ஆமான், யானை, இடி, சூர், பாம்பு, முதலை, இடங்கர், கராம், வழுக்கு நிலம், வழி முட்டுப்படும் இடம், மலைப்பாம்பு என அப்பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் யானை, பாம்பு, இடங்கர், வழுக்கு நிலம், மலைப்பாம்பு ஆகியன மலைபடுகடாத்து வழியிலும் உள்ளன. ஆனால் கபிலர் இடரின் பெயரை மட்டும் கூறி நிறுத்துகின்றார். பெருங்கௌசிகனார் ஒவ்வொன்றிற்கும் ஒரு செயலை உடன் கூறுகின்றார். பாம்பு ஒடுங்கும் குழிகள் உள்ள இடத்தில் மரமேறி நோக்கி, விறலியர் கைதொழுது வாழ்த்த, நெறியினின்று சிறிது விலகி வலமாகச் செல்க. யானையை வெருட்டக் குறவர் வீசும் கவண்கல் கூற்றுவன் போல் விசையொடு வரும். மரத்தை மறைவாகக் கொண்டு கடக்க. வீழ்ந்த மரம் போல் கிடக்கும் மலைப்பாம்பை விலகிச் செல்க. அகப்பாட்டில் அச்சமாக நின்றது ஆற்றுப்படையில் அறிவுரையாக மாறியுள்ளது.

பொழுது பற்றிய அறிவுரை இவையெல்லாவற்றிற்கும் தலையாயது. பன்றிக்கு அஞ்சிக் குறவர் புழைதோறும் கல்லால் இயன்ற பொறிகளை மாட்டியிருப்பர். ஆகலின் இருள் நீங்கி விடியும்வரை தங்கிப் பின் செல்க என்பது முதலில் வருவது. மாலையாயின் சிறாரோடு இருளில் நடத்தலைத் தவிர்த்து, சொந்த மனையிற் புகுந்தாற்போலக் கல்லளையிற் புகுந்து தங்குக. வைகறையில் எழுந்து காட்டு வழியைக் கொள்க என்பது பின்னர் வருவது. குளிர்காலத்துப் பகல் சிறிது. அச்சிறு பகலுக்குள் நடையை முடித்தல் வேண்டும் என்பது மலைநடையின் முதல் விதி. அகத்திணைத் தலைமகன் இவ்விதியை முற்றாக மீறி யாமத்தில் வருகின்றான். பொழுதும் ஆறும் பற்றித் தோழி அவன்மாட்டுக் குற்றங் காட்டுதல் தொல்காப்பியத்துள் வகுக்கப்பட்டதொன்று. மலைவாழ்வார் அனைவரும் அறிந்த ஒழுங்கை அவன் மீறுகின்றான் என்னும் உண்மை அதன் அடியில் கிடக்கின்றது.

இனித் துணையைப் பற்றிக் கூறுதல் வேண்டும். இக்கூட்டத்தார் சுமையற்ற வழிப்போக்கர் அல்லர். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனக் கருவிகளைப் பையிற் கட்டிச் சுமந்து வருகின்றனர். விறலியரின் சிற்றடிகள் கல்லிற் பட்டு, இளைத்த நாயின் நாவைப்போல் ஆகியுள்ளன. சிறுவர் உடன் வருகின்றனர். இந்நிலையில் அவர்க்குக் கூறப்படும் அறிவுரை, ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு செல்லுங்கள் என்பது. நிரையாகச் செல்லுங்கால் மயிலின் ஆடலையும் மூங்கிற்கொம்பில் தாவும் கடுவனையும் கண்டு மயங்கி நின்றுவிடற்க. வழி தவறுவீர் என்பது மற்றொன்று. மலையழகைப் பாட வந்த புலவரே அதை நின்று நோக்காதீர் என்று விலக்குகின்றார். வருணனையே நோக்கமாயின் இவ்விலக்கு வந்திராது. வரிசையில் ஒருவர் நின்றால் பின்வருவோர் அனைவரும் பிரிந்து நெறி மாறுவர் என்பது கூட்டமாக மலை நடந்தார் எல்லாரும் அறிந்தது.

பின்வருவோர் பொருட்டும் கடமை உண்டு. வழிகள் கூடும் சந்திகளில் புதியவராகிய நீவிர் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்கிறது நூல். கவர்வழிகளில் வீழ்ந்த மறவர் பெயரோடு நட்ட கற்கள் பல உள்ளன என்றும், செல்லும் நாட்டின் பெயரை வழிச்செல்வோர் அறிதற்பொருட்டு எழுதப்பட்ட இடம் உண்டு என்றும் கூறுகின்றது. செங்கம் வட்டாரத்தில் எழுத்துடை நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்தமையும், தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என அவற்றைத் தொகுத்து வெளியிட்டமையும் நாம் அறிந்தவை. அவை பல்லவர் காலம் முதலானவை. கூத்தர் கண்டவை அவையே எனல் பொருந்தாது. எனினும், அதே நிலத்தில் அதே வழக்கம் பன்னூறு ஆண்டுகள் தொடர்ந்தது என்று கொள்ளத் தடையில்லை. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டமையால், எழுத்துடை நடுகல் சங்ககாலத்து இல்லை என்னும் ஐயமும் அகன்றது.

குறவரும் மருளும் குன்றில் வழி தப்பிவிட்டால் செய்வது யாது? அகன்ற பாறையில் எல்லீரும் திரண்டு நும் இசைக்கருவிகளை இயக்குக என்கிறார் புலவர். அவ்வொலி கேட்டு, ஆற்றுத்துறையில் வழுக்கி வீழ்ந்தோரின் பூசல் கேட்டாற்போல, காடு காக்கும் கானவர் விரைந்து வருவர். பழமும் பூவும் காட்டி, தாம் முன்னே நடந்து இடர் மிகுந்த வழியைக் கடப்பிப்பர். நூலின் பெயரே மலையில் பிறக்கும் ஒலியைச் சுட்டி வந்தது. அவ்வொலிகளுள் வழி தப்பியோர் எழுப்பும் முழவொலியும் ஒன்று.

தலைமகனுக்கு இவ்வழி அடைபட்டுள்ளது. அவன் களவில் வருபவன்; ஒலி எழுப்பின் ஊர் விழித்துக்கொள்ளும். பரண்மேல் உள்ள கானவர் கூத்தர்க்கு வழித்துணை. அவனுக்கோ அவரும் அஞ்சத்தக்கவரே. புல்முடிந்து அடையாளம் இடவும் அவனுக்கு இயலாது. இத்தனைக்கும் அவன் மலைநாடன். வழியை அறியாதவன் அல்லன். அறியாத புதியவராகிய கூத்தர் சிறாரோடும் முழவோடும் கடந்து செல்லும் அதே சாரலைக் குறித்துத்தான் தலைமகள் இரவெல்லாம் துயிலாது இருக்கின்றாள்.