பூச்சிக்கொல்லி நஞ்சும் தன்னியக்க நரம்பு மண்டலமும்

இதயத் துடிப்பு, மூச்சு, உமிழ்நீர், வியர்வை, குடல் அசைவு ஆகியவற்றை நாம் நினையாமலே நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். இதன் நரம்பு முனைகள் வேதிப்பொருள்கள் வழியாக உறுப்புகளுக்கு ஆணையிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது அசிட்டைல்கோலின். வேலை முடிந்தவுடன் ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடும்.

நெல், கரும்பு, நிலக்கடலை பயிராகும் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பூச்சிக்கொல்லி தெளிப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. இவை வாய் வழியாக மட்டுமன்றித் தோல், மூச்சு வழியாகவும் உடலில் சேரும். அசிட்டைல்கோலின் தேங்கி, ஆணை ஓயாமல் தொடரும்.

அறிகுறிகள்

• மிகுந்த வியர்வை, உமிழ்நீர், கண்ணீர்
• கண்ணின் கருமணி சுருங்கிப் பார்வை மங்குதல்
• வாந்தி, வயிற்றுப்போக்கு, தன்னையறியாமல் சிறுநீர் கழிதல்
• மார்பில் சளி பெருகி மூச்சுத் திணறல்
• தசைத் துடிப்பு, தளர்ச்சி

மருந்து தெளித்தபின் தோன்றும் இவற்றை வெயில் களைப்பு என எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியவை

108 ஊர்தியை அழையுங்கள். நஞ்சு பட்ட உடையை அகற்றி, சோப்பு நீரால் உடலைக் கழுவுங்கள். உதவுபவர் கையுறை அணிய வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மருந்துப் புட்டியை அல்லது அதன் பெயர்ச்சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றுள் அருகிலுள்ளதை நாடலாம்.

சிகிச்சையின்போது

அட்ரோபின் என்னும் மருந்து அசிட்டைல்கோலினின் ஆணை இதயம், நுரையீரல், சுரப்பிகள் ஆகியவற்றை எட்டாமல் தடுக்கும். மார்பில் சளி வற்றும்வரை அது திரும்பத் திரும்பச் செலுத்தப்படும். அப்போது நோயாளியின் வாய் உலரலாம். இதயம் விரைந்து துடிக்கலாம். சிலர் பிதற்றவும் கூடும். இம்மாற்றங்களைக் கண்டு அஞ்சாமல் செவிலியரிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை மருத்துவர் முறைப்படுத்துவார்.

அட்ரோபின் தசைத் தளர்ச்சியை நீக்காது. தெளிவாகப் பேசத் தொடங்கிய நோயாளிக்கும் 1 முதல் 4 நாள்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை இதன் முதல் அடையாளம்; கண்டவுடன் மருத்துவரை அழையுங்கள். மருத்துவர் விடுவிக்கும் முன் நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

மனத் துயரில் உள்ளோர் 104 அல்லது 14416 எண்ணில் ஆலோசனை பெறலாம்.