போட்டியாளனுக்கே விடை சொல்லிக் கொடுத்த கதை

கல்முனையில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை யாரோட போட்டி போடுது? கொழும்புப் பிள்ளையோட என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் பெரும்பாலும் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையோடதான் போட்டி. மருத்துவம், பொறியியல் மாதிரியான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்குப் போகின்றன. 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மிச்சம் 5 வீதம் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அம்பாறையும் அதில் ஒன்று. ஆக, சாய்ந்தமருதுப் பிள்ளையின் இடத்தை எடுக்கக்கூடியவர் நிந்தவூரில், சம்மாந்துறையில், அக்கரைப்பற்றில் இருக்கிறார். இல்லாவிட்டால் அம்பாறை நகரத்தில் சிங்களத்தில் எழுதுகிறார்.

இதுக்கு மேல இசட் புள்ளி. ஒரு பாடத்தில் எல்லாரும் எடுத்த புள்ளிகளின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய் என்பதுதான் அந்தக் கணக்கு. எல்லாரும் நன்றாகச் செய்தால் சராசரியும் ஏறும். கணக்குப்படி பார்த்தால், விடையைத் தெரிந்தவன் வாய் திறக்காமல் இருப்பதுதான் புத்தி. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை இணைந்த கணிதக் கேள்வியொன்றை போட்டோ எடுத்து குறூப்பில் போட்டால், அதிகாலைக்குள் மூன்று பேர் செய்து அனுப்பியிருப்பார்கள். அந்த மூன்று பேரும் அதே வெட்டுப்புள்ளிக்குத்தான் காத்திருப்பவர்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இலங்கைப் பிள்ளைகள் 1880 முதலே கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதினார்கள். அது ஆங்கிலம் படித்த, மிஷன் பாடசாலை கிட்டிய ஊர்களின் கதை. எங்கட கரையில், வயலையும் தறியையும் கடலையும் நம்பியிருந்த குடும்பங்களுக்குப் பரீட்சை என்பது ஒரு வழியாகத் தெரியத் தொடங்கியது 1945இன் இலவசக் கல்விக்குப் பிறகுதான். கல்முனை ஸாஹிரா 1949இல் வந்தது. மஹ்மூத் மகளிர் கல்லூரி 1971இல். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதுக்கு முதல் எல்லாம் மட்டக்களப்புதான்.

1971ஐக் கவனியுங்கள். தரப்படுத்தல் வந்த வருசம். மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவனுக்கு 400க்கு 250 தேவை, சிங்கள மொழிமூல மாணவனுக்கு 229 போதும் என்றானது. இந்தக் கதையை யாழ்ப்பாணத்துக் கதையாக மட்டும் எழுதிவிடுவது வழக்கம். அது எனக்கு உடன்பாடில்லை. கோடு போடப்பட்டது மொழியில். தமிழில் எழுதிய கல்முனை முஸ்லிம் பிள்ளையும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது கதை திரும்பியது. யாழ்ப்பாணத்துக்கு அடி, அம்பாறை மாதிரியான மாவட்டங்களுக்குக் கதவு. பக்கத்து வாங்குக்காரன் போட்டியாளனானதும் அதே கதவால்தான்.

போட்டி வந்தும் கொடுக்கல் வாங்கல் ஏன் நிற்கவில்லை? காரணம் எளிது: ஒருத்தரிடமும் முழுசாக ஒன்றும் இருக்கவில்லை. ஒருத்தனிடம் பௌதிகவியல் வினாத்தாள் பத்து வருசத்துக்கு இருக்கும், இன்னொருத்தனிடம் றோணியோ அடித்த இரசாயனவியல் நோட்ஸ் இருக்கும், புள்ளித்திட்டம் யாரோ ஒரு சேரின் அலுமாரியில் இருக்கும். கொடுக்காதவனுக்குக் கிடைக்காது. கம்பஸ் போன நானாமார் லீவுக்கு வந்தால் பள்ளிக்கூட மண்டபத்தில் செமினார். கொண்டுவந்த நோட்ஸ் ஊரில் போட்டோகொப்பியாகி, கொப்பியின் கொப்பியாகி, கடைசியில் எழுத்தே தெரியாத கறுப்புத் தாளாகக் கை மாறும்.

யுத்தகாலத்தில் இந்த வலை சுருங்கியது. 1990க்குப் பிறகு வந்தாறுமூலையில் இருந்த கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முஸ்லிம் மாணவர்கள் போய்ப் படிப்பது முடியாத காரியமானது. அதன் விளைவாக, எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியில், 1995இல் ஒலுவிலில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி அடுத்த வருசம் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. பிரிவினையில் பிறந்த நிறுவனம்தான். ஆனாலும் கம்பஸ் நானாவும் தாத்தாவும் லீவுக்கு மட்டும் வருகிறவர்களாக இல்லாமல் பஸ் ஏறினால் பார்க்கக்கூடியவர்களாக மாறினார்கள். பிறகு 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். அத்தனை உயிர்களுக்குப் பக்கத்தில் கொப்பி புத்தகத்தைப் பற்றிப் பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஆனால் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் மிஞ்சிய பிள்ளைகள் அடுத்த பரீட்சைக்கு இரவல் நோட்ஸில்தான் படிக்க வேண்டியிருந்தது.

இணையம் வந்தபோது முதலில் வழி விடாதது எழுத்துரு. ஆசிரியர்கள் ரைப் பண்ணிய தமிழ் பேப்பர்கள் பாமினியில் இருந்தன. அதை அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் வரும். தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் நம்மவர்களின் இணைய உதவி எழுத்தாக இல்லாமல் படமாக வளர்ந்தது: கையால் செய், போனால் பிடி, அனுப்பு. சோம்பல் என்று சிலர் சொன்னார்கள். வேறு வழி இருக்கவில்லை என்பதே உண்மை.

அடுத்தது சொல். தமிழில் கூகுள் பண்ணினால் தமிழ்நாட்டுப் பக்கங்கள்தான் கூடுதலாக வரும். அங்கே முடுக்கம், நமக்கு ஆர்முடுகல். அங்கே ஆற்றல், இங்கே சக்தி. அங்கே திறன், இங்கே வலு. அழுத்தம் என்பது அமுக்கம், ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு, ஆக்சிஜன் என்பது ஒட்சிசன். பௌதிகவியல் என்ற பாடத்தின் பெயரே அங்கே இயற்பியல். ஏழு கோடிப் பேர் வாழும் ஒரு தமிழ்ப் பரப்பு பக்கத்தில் இருந்தும், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிற பிள்ளைக்கு அதை நேராகப் பயன்படுத்த முடியாது. உதவி இந்தத் தீவுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். கல்முனைப் பிள்ளையின் சந்தேகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ பதில் வந்ததன் பின்னணி இதுதான். ஊர்ப் பெயரும் ஆளின் பெயரும் பார்த்துப் பழகிய ஒரு நாட்டில், "ஆர்முடுகல்" என்று எழுதினால் நம்ம ஆள் என்ற ஒரு அடையாளம் சத்தமில்லாமல் உருவானது. மொறட்டுவைப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் வினாத்தாளும் இதே வழியால்தான் ஊர் ஊராகப் போகிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. நேத்ராவில் குருகுலம் போனது, சூமில் சேர்மார் வந்தார்கள். அந்த வருசத்து உயர்தரம் ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது; 2021க்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில், 2022க்குரியது 2023 ஜனவரியில். நடுவில் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் இல்லாத வீட்டில் வீடியோ பார்க்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கிற பற்றரியில் ஒரு படமும் ஒரு நிமிட வொய்ஸும் வரும். அந்தச் சின்னக் கோப்புகள்தான் ஒரு பெச்சைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன்.

பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விசயம். இரவு ரியூசன் பல வீடுகளில் கிடையாது. வட்ஸ்அப் குறூப்பில் சேர்ந்தால் நம்பர் எல்லாருக்கும் தெரியும். அதனால் வாப்பாவின் போனில், தனிக் குறூப்பில், பிறகு நம்பரை மறைக்கலாம் என்பதற்காக டெலிகிராமில். கேள்வி கேட்பது யார் என்று தெரியாமலே கேட்க முடிந்தது. வகுப்பில் கை உயர்த்தாதவர்கள் அங்கே விடை எழுதினார்கள்.

இதே வழியால் வேறு சரக்கும் போகும். 2024 ஜனவரியில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் போன்களில் சுற்றி, பரீட்சை இரத்தாகி, மறுபடி எழுத வேண்டி வந்தது. அதுக்குப் பிறகு "குறூப்" என்றாலே சந்தேகப்படுகிற பெரியவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று பரீட்சைக்கு முதல் வாங்கி விற்கிற தாள். மற்றது பதினைந்து வருசம் பழைய கேள்விக்கு, தூக்கத்தை விட்டு, படிமுறை படிமுறையாக எழுதிய விடை.

வரலாறு எழுத வருகிறவருக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. 2005இலிருந்து நூலகம் திட்டம் நம்ம புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்து வைக்கிறது. றோணியோ நோட்ஸ்கூட எங்கேயாவது ஒரு பெட்டியில் கிடைக்கலாம். ஆனால் குறூப்பில் போன விடைகளுக்குப் பெட்டி இல்லை. றிசல்ட் வந்த கிழமை ஒவ்வொருத்தராக வெளியேறுவார்கள். போன் உடையும், மெமரி நிரம்பினால் முதலில் அழிவது அந்தப் படங்கள். கையெழுத்து மட்டும் தெரிந்த, பெயர் தெரியாத ஒருத்தர் செய்த தொகையிடல் கணக்கு, கேட்ட பிள்ளை கம்பஸ் போய்ச் சேருவதற்குள் காணாமல் போயிருக்கும்.