எம்.பி.எஸ்.ஆர். பயிற்சி

நடப்புக் கணத்தில் கவனத்தை நிறுத்தி மன அழுத்தத்தைத் தணிக்கப் பழக்கும் எட்டு வார வகுப்பு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் ஜான் கபாட்-சின் தொடங்கினார். மூலக்கூறு உயிரியலில் முனைவரான அவர், விபாசனா, ஜென், ஹடயோகம் ஆகியவற்றில் கற்றதைச் சமயச் சாயலின்றித் தொகுத்தார்.

தொடக்கப் பாடம் ஓர் உலர்திராட்சை. உள்ளங்கையில் வைத்துச் சுருக்கங்களைப் பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, நாக்கில் சற்று நிறுத்தி, அதன் பிறகே மெல்ல வேண்டும். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் நாம் கவனமின்றியே தின்கிறோம் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. பிறகு மூச்சைக் கவனித்தல், படுத்தபடி உடலை உணர்தல், யோகாசனம். மனம் அலைவது தவறில்லை; அலைந்ததை அறிந்து திரும்புவதே பயிற்சி.

மனச்சோர்வு மீளாதிருக்க, இதன் வழியில் உருவான சிகிச்சையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2004-இல் பரிந்துரைத்தது.