செம்பனைக் கழிவு செல்வமான வரலாறு

ஓலை, நார், நுங்கு, பதநீர், கிழங்கு எனப் பனையின் எப்பகுதியையும் வீணாக்காமல் பயன்கொண்டது தமிழர் மரபு. ஆப்பிரிக்காவிலிருந்து மலாயாவுக்கு வந்த செம்பனையிடத்து அத்தகைய சிக்கனம் முழுமையாகக் கைகூடப் பல்லாண்டுகள் ஆயின. அதற்குச் சட்டமொன்றும் வேண்டியிருந்தது.

1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே, சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனையை முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிட்டார். 1960களில் ரப்பர் விலை சரியவே, பால்மரங்கள் நின்ற நிலங்கள் பல செம்பனைக் காடுகளாயின. தோட்டந்தோறும் தமிழர் உழைப்பு அதற்கு உரமாயிற்று. ஆலைகளும் பெருகின.

ஆலையில் குலைகளை நீராவியில் வேகவைத்து, பழங்களை உதிர்த்துப் பிழிந்து எண்ணெய் எடுப்பர். சக்கையும் கொட்டை ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகும். எஞ்சுவது பழுப்பு நிறக் கழிவுநீர். ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியேறும். இதில் நஞ்சு கலக்கப்படுவதில்லை. எனினும், இதிலுள்ள கரிமப் பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றுநீரின் உயிர்வளியை உறிஞ்சிவிடுவதால் மீன்கள் மடிகின்றன. நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் அவ்வுயிர்வளியின் அளவு, கழிவுநீர் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆகும்.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் செம்பனை ஆலைகளுக்கான விதிகள் 1977இல் வெளிவந்தன. ஆலைகளை ஒரே நாளில் மூடிவிடாமல், படிப்படியாகத் திருத்தும் வழியை அவ்விதிகள் மேற்கொண்டன. 1978இல் 5,000 மில்லிகிராமாக இருந்த வரம்பு, 1984இல் 100 ஆகக் குறைக்கப்பட்டது. கொட்டும் மாசுக்கேற்பக் கட்டணமும் விதிக்கப்பட்டது. கழிவைக் கொட்டுவது செலவாகவே, அதனைப் பயன்படுத்தும் வழிகளை ஆலைகள் நாடின.

குளங்கள் வெட்டி, காற்றின்றி வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தினர். அதிலிருந்த தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மரங்களுக்கே உரமாகத் திரும்பின. பழம் உதிர்ந்த வெறுங்குலைகள் மரத்தடியில் பரப்பப்பட்டு மண்ணின் ஈரம் காத்தன. 1980இல் சுமார் 25 இலட்சம் டன்னாக இருந்த நாட்டின் எண்ணெய் உற்பத்தி, 1985இல் 40 இலட்சம் டன்னைத் தாண்டியது. சட்டம் தொழிலை நலிவித்துவிடும் என்னும் அச்சம் பொய்த்தது.

எனினும் ஒரு குறை நீடித்தது. குளங்களில் உண்டாகும் மீத்தேன் வளி வானில் கலந்து புவியை வெப்பமாக்கியது. ஒரு டன் கழிவுநீர் ஏறத்தாழ 28 கனமீட்டர் உயிர்வளிமம் தரவல்லது. அதனைப் பிடித்து மின்சாரம் ஆக்கலாம். புதிய ஆலைகள் இவ்வளிமத்தைப் பிடித்தாக வேண்டும் என்னும் விதி 2014இல்தான் வந்தது.

டெங்கிலில் உள்ள புக்கிட் தம்போய் நீர்ச்சுத்திகரிப்பு நிலையம் லங்காட் ஆற்றுநீரையே மக்களுக்கு வழங்குகிறது. மேற்கரையில் எவர் எதைக் கொட்டினும் அது கீழுள்ளோர் குடத்தில் வந்து சேரும். இன்று பல்வேறு தொழில்கள் அவ்வாற்றை நெருக்கி நிற்கின்றன. செம்பனை ஆலைகள் திருந்திய வரலாறு அவற்றுக்கும் பாடமாகும். கழிவைப் பொருளாக்கும் அறிவியலோடு, அதனைக் கடமையாக்கும் சட்டமும் சேர்ந்தே ஆற்றைக் காக்கும். மாணவர்க்கு வேதியியல் கற்பிக்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே உணர்த்துதல் ஆசிரியர் கடனாகும்.