துணைவினையும் கரும்பலகைக் கோடும்

ஆங்கில வாக்கியத்தில் துணைவினைகள் இவையென்றும், முதல்வினையோடு அவை கூடி அமையும் வினைத்தொடர் இதுவென்றும் பிரித்துக் காட்டுவது இன்று பள்ளிச் சிறுவர்க்கும் சாதாரண அப்பியாசமாக இருப்பினும், அதைக் கண்ணுக்குத் தெரியும்படி கற்பிக்கும் வழி நெடுங்காலம் கழித்தே பிறந்தது.

ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியராக விளங்கிய ஜான் வாலிஸ், 1653-இல் லத்தீன் பாஷையில் ஆங்கிலத்துக்கு வியாகரணம் இயற்றியபோது, ஆங்கில வினை தன் உருவத்தாலேயே காட்டுவன நிகழ்காலமும் இறந்தகாலமும் மட்டுமே என்றும், ஏனையவெல்லாம் துணைவினைகளின் சகாயத்தால் உண்டாவன என்றும் தெளிவாகவே கண்டிருந்தார். அந்தத் தெளிவு நிலைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய லிண்ட்லி மர்ரே, யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளியொன்றின் பொருட்டு எழுதி 1795-இல் வெளியிட்டு, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பெரும் செல்வாக்குப் பெற்ற இலக்கணத்தில், லத்தீன் முறையைத் தழுவி ஆங்கில வினைக்கும் ஆறு காலங்கள் வகுக்கப்பட்டன. வாய்பாட்டை மனனம் செய்த மாணாக்கனுக்கு வினைத்தொடர் சிதறாமல் நிற்கும்வரை கஷ்டமில்லை. எழுவாயோ எதிர்மறைச் சொல்லோ நடுவே புகுந்து அதைப் பிளந்துவிட்டால், வாய்பாடு அவனுக்கு என்ன துணை செய்யும்?

இந்த இடரை நீக்கியவர்கள் புரூக்ளின் பாலிடெக்னிக் கல்விச்சாலையின் உபாத்தியாயர்களான அலோன்சோ ரீடும் பிரெய்னர்டு கெல்லாகும் என்பேன். ஸ்டீபன் கிளார்க் என்பவர் 1847-லேயே சொற்களை வட்ட வட்டமான கூடுகளில் அடைத்துப் படம் போட்டிருந்தார். இவர்கள் 1877-இல் வெளியிட்ட நூலில் கூடுகளுக்குப் பதில் கோடுகளே வந்தன.

"ஹேஸ் தி லெட்டர் நாட் பீன் ரிட்டன்" என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். முதலில் கிடைக்கோடு ஒன்றிட்டு, அதைக் குறுக்கே வெட்டும்படி ஒரு நிலைக்கோடு வரைய வேண்டும். இடப்புறம் 'லெட்டர்' அமரும். அதன் கீழே சாய்கோட்டில் 'தி' தொங்கும். வலப்புறத்தில், வாக்கியத்தின் தலையில் நின்ற 'ஹேஸ்' இறங்கி வந்து, 'பீன் ரிட்டன்' என்பதோடு ஒரே வரிசையில் இணையும். 'நாட்' வினைக்கு அருகிலேயே இருந்தும் வினைத்தொடரின் அங்கமன்று. ஆகையால் அதுவும் சாய்கோட்டுக்கே போகும். "ஐ ஹேவ் எ புக்" என்பதிலோ 'ஹேவ்' வினையின் ஸ்தானத்தில் தனித்தே நிற்கும்; அதையடுத்து, அடிக்கோட்டை வெட்டாத சிறு நிலைக்கோட்டுக்கு அப்பால் செயப்படுபொருள் வரும். ஒரே சொல் ஓரிடத்தில் துணைவினையாகவும் மற்றோரிடத்தில் முதல்வினையாகவும் பிரயோகமாவதை இதனினும் எளிதாக விளக்கும் உபாயம் நானறிந்தவரை இல்லை.

குறையும் உண்டு. கோட்டில் ஏறியவுடன் சொற்களின் இயல்பான வரிசை கலைந்துபோவதால், படத்தை மட்டும் பார்ப்பவனுக்கு மூலவாக்கியத்தில் எந்தச் சொல்லுக்குப் பின் எது நின்றது என்று சொல்ல இயலாது. ஆதலால் கரும்பலகையில் படத்துக்கு மேலே வாக்கியத்தையும் முழுமையாக எழுதிவைப்பதே உத்தமம்.