பணமூட்டைகளும் செனட் சபையும்

கேலிச்சித்திரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதே நம்மிற் பலரது வழக்கம். வரலாறு கற்பிப்பவன் என்ற வகையில் நான் அதனை ஒரு மூலாதாரமாகவே கொள்கிறேன். சட்டப் புத்தகம் கூறாமல் விட்டதைச் சில வேளைகளில் சித்திரம் கூறிவிடுகின்றது. அமெரிக்காவின் 'பக்' சஞ்சிகை இதற்கு நல்ல சான்று.

வியன்னாவில் 1838இல் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோசப் கெப்லர் ஆரம்பித்த சஞ்சிகை அது. 1889 ஜனவரியில் அவர் வரைந்த 'செனட்டின் எசமானர்கள்' என்ற சித்திரம் அதில் வெளியானது. உருக்கு, செம்பு, எண்ணெய், சீனி எனப் பெயர் பொறித்த இராட்சதப் பணமூட்டைகள் மனித உருவிற் சபையின் பின்புறத்தில் நிற்கின்றன. அவற்றின் முன்னே உறுப்பினர்கள் சிறுபிள்ளைகள் போல அமர்ந்திருக்கின்றனர். ஏகபோகக்காரரின் வாசல் திறந்திருக்கிறது. மக்களின் வாசல் மூடப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் செனட் உறுப்பினர்களைத் தெரிவுசெய்தவை மாநிலச் சட்டசபைகளே. 1913ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தமே அவ்வுரிமையை நேரடியாக மக்களுக்கு வழங்கியது. இதனை அறிந்தவருக்கு மூடிய வாசலின் பொருள் விளங்கும்.

விந்தை என்னவெனில், ஏகபோகங்களுக்கெதிரான ஷேர்மன் சட்டத்தை 1890இல் 51க்கு 1 என்ற வாக்குகளால் நிறைவேற்றியதும் இதே செனட் சபைதான். சட்டம் வந்தது, பணமூட்டைகள் அசையவில்லை. நாட்டின் சீனிச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ முழுவதையும் கைக்குள் வைத்திருந்த கம்பனிக்கெதிரான வழக்கு 1895இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. உற்பத்தி வேறு, வர்த்தகம் வேறு என்பது நீதிபதிகளின் விளக்கம். ஆனால், தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் பகிஷ்கரிப்புக்கு இச்சட்டம் பொருந்தும் என 1908இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இராட்சதருக்கென வார்த்த வாள் தொழிலாளியின் தோளில் இறங்கியது.

ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் காலத்துச் சித்திரங்கள் இந்த முரண்பாட்டையே தொடுகின்றன. கெப்லரின் மகன் உடோ 1904 ஜனவரியில் ரூஸ்வெல்டைக் கையில் வாளேந்திய சிறு உருவமாக வரைந்தார். எதிரே வோல் ஸ்ட்ரீட்டின் பூதங்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் ஸ்டான்டர்ட் ஒயில் கம்பனியை ஒக்டோபஸாக வரைந்தார். அதன் கரங்கள் பாராளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வெள்ளை மாளிகையை நோக்கி நீளுகின்றன. கிளிபர்ட் பெரிமனின் சித்திரமோ இன்னும் கூர்மையானது. அதில் 'கெட்ட' நிறுவனம் என்ற கரடி செத்துக் கிடக்க, 'நல்ல' நிறுவனம் என்ற கரடியை ரூஸ்வெல்ட் கயிற்றிற் பிடித்து நிற்கிறார். நல்ல கரடி எது என்று தீர்மானிப்பவர் யார்? கேள்வியைப் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறது சித்திரம்.

1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் ஸ்டான்டர்ட் ஒயில் 34 கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. 'நியாயமற்ற' கட்டுப்பாடுகள் மட்டுமே குற்றம் என்ற விளக்கமும் அத்தீர்ப்பிலேயே புகுந்துகொண்டது. பிரிந்த கம்பனிகளின் பங்கு விலைகள் ஏற, ரொக்பெல்லர் முன்னரைவிடப் பெரிய செல்வந்தரானார்.

1890, 1911 ஆகிய ஆண்டுகளை மனனஞ்செய்யும் மாணவன் பரீட்சையிற் புள்ளி பெறுவான். அரசு வென்றது என்றும் நம்பிவிடுவான். இச்சித்திரங்களையும் சேர்த்துப் படிப்பவனோ, சட்டம் நிறைவேறியதா என்பதோடு நின்றுவிடாமல், அது யார் மீது பாய்ந்தது, யாரைத் தொடாமல் விட்டது என்றும் கேட்பான். அந்தக் கேள்வியை வகுப்பறைக்குள் கொண்டுவருவதற்காகவேனும் கேலிச்சித்திரத்துக்கு நமது பாடநூல்களில் இடமளிக்க வேண்டும் என்பேன்.