நான்கு இருக்கை விமானத்தில் நான்கு பேர் போக முடியுமா? வாங்கும் முன் எடைக் கணக்கு

கம்போங் மேடானில் லோரி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. லோரிக் கதவில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றது சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏற்றக்கூடிய சுமை. சுபாங்கில் நிற்கும் சிறு விமானங்களுக்கும் இதே கழித்தல்தான். ஆனால், விமானத்தில் எரிபொருளே ஆட்களின் பங்கைத் தின்றுவிடும்.

உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172எஸ் ரகத்தைப் பார்ப்போம். இருக்கைகள் நான்கு. புறப்படும்போது எடை 1,157 கிலோவைத் தாண்டக்கூடாது. வெற்று எடையைக் கழித்தால் ஏறத்தாழ 400 கிலோ மிஞ்சும். இதில் விமானி, பயணிகள், பைகள், எரிபொருள் எல்லாம் அடக்கம். டாங்கியை நிரப்பினால் சுமார் 200 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ. மீதி 256 கிலோ. ஆளுக்கு 80 கிலோ என்றால், விமானியோடு மூவருக்குத்தான் இடம். நான்காவது ஆளும் ஏற வேண்டுமானால் எரிபொருளை 110 லிட்டராகக் குறைக்க வேண்டும். அப்போதும் ஒரு பை கூட எடுத்துப் போக முடியாது.

நண்பர்கள் பங்கு போட்டுப் பழைய விமானம் வாங்கும்போது ஏமாறுவது இங்கேதான். விளம்பரத்தில் இருப்பது தொழிற்சாலைக் கணக்கு. பிறகு பூசிய சாயம், மாட்டிய ரேடியோ, மாற்றிய இருக்கை எல்லாம் வெற்று எடையைக் கூட்டியிருக்கும். அந்த விமானத்தையே கடைசியாக நிறுத்துப் பார்த்த அறிக்கையைக் கேளுங்கள். அது இல்லையென்றால், விலை பேசும் முன் மீண்டும் நிறுக்கச் சொல்லுங்கள்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. சுமை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் பளு அதிகமானால் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், விமானம் கட்டுப்பாட்டை இழக்கும். 2001 ஆகஸ்டு 25-ஆம் தேதி பஹாமாஸ் தீவில் அமெரிக்கப் பாடகி ஆலியா சென்ற செஸ்னா 402பி புறப்பட்டதும் விழுந்து, ஒன்பது பேரும் இறந்தனர். விமானத்தில் வரம்பைவிடச் சுமார் 320 கிலோ கூடுதலாக ஏற்றப்பட்டிருந்தது. ஈர்ப்பு மையமும் பின்னால் தள்ளிப் போயிருந்தது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கையேட்டின் அடிப்படை அளவு கடல் மட்டத்தில் 15 டிகிரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியம் 33 டிகிரி சாதாரணம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் இயந்திர வலுவும் இறக்கையின் தூக்கும் சக்தியும் குறைந்து, தரையில் ஓட வேண்டிய தூரம் நீளும். சுபாங்கின் ஓடுபாதை 3.7 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் அங்கே இது தெரியாது. சுமார் ஒரு கிலோமீட்டரே உள்ள தியோமான் ஓடுபாதையில் தெரியும். கையேட்டில் வெப்பநிலைவாரியாக அட்டவணை இருக்கிறது. விற்பவரிடம் 35 டிகிரிக்கான கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.